புளியும் ஆசிட்தான்!

கேள்வி: குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டதால் பாத்ரூம் ஆசிட், ஃபினாயில் இரண்டையும் நிறுத்திவிட்டேன். போர் தண்ணீரின் உப்புக்கறைக்கு வினிகரில் பேக்கிங் சோடாவைக் கலந்து தேய்க்கிறேன். நுரை பொங்குகிறது, கறை மட்டும் அப்படியே இருக்கிறது. ஏன்? – வாசகி, திருப்பூர்

பதில்: நுரை பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்த நுரையோடு வேலை முடிந்துவிடுகிறது. வினிகர் புளிப்பு, சோடா அதற்கு நேர் எதிர். இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம் உப்புத் தண்ணீர், அவ்வளவுதான். போர் தண்ணீர்க் கறை பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து, அது புளிப்புக்குத்தான் கரையும், எனவே வினிகரைத் தனியாகவே விடுங்கள். பழைய பனியன் துணியை அதில் நனைத்துக் குழாயைச் சுற்றி அரைமணி நேரம் கட்டி வைத்துவிட்டு, அப்புறம் தேங்காய் நாரால் தேய்த்தால் வெள்ளைப் பொருக்கு உதிர்ந்துவரும். வாளி, மக்குக்கு அரை லிட்டர் வெந்நீரில் ஒரு டேபிள்ஸ்பூன் சிட்ரிக் ஆசிட் போதும், மலிவும்கூட.

ஆனால் தரை மார்பிளோ மொசைக்கோ என்றால் இதில் எதையும் கொண்டுபோகாதீர்கள். கறையில் இருக்கும் அதே சுண்ணாம்புதான் அந்தக் கல்லிலும் இருக்கிறது, கறையைத் தின்னும் புளிப்பு கல்லையும் தின்னும். என் வீட்டுக் கடப்பா மேடையில் ஒருநாள் ராத்திரி பிழிந்த எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போனேன், காலையில் எட்டணா அளவுக்கு வெளுத்த வட்டம், எண்ணெய் போட்டுத் துடைத்தும் இன்றுவரை போகவில்லை. இந்த மாதிரித் தரைக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீர் சரிப்படும்.

இன்னொன்று, ப்ளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் வினிகரோ எலுமிச்சையோ படவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். சின்ன பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு செய்தால் ஆபத்து.

கேள்வி: பூந்திக்கொட்டை லிக்விட் நாலே நாளில் நாற்றமடிக்கிறதே? – வாசகர், மதுரை

பதில்: அடிக்கத்தான் செய்யும். கெடாமலிருக்க அதில் எதையும் சேர்க்கவில்லையே, ரசத்தை வெளியே வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் இதற்கும். விதை நீக்கிய பத்துப் பன்னிரண்டு கொட்டையை அரை லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, காலையில் கால்மணி நேரம் கொதிக்கவிட்டுக் கசக்கி வடிகட்டி, ஃபிரிட்ஜில் வையுங்கள், ஒரு வாரம் தாங்கும். மிச்சத்தை ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறைய வைத்தால் வேண்டும்போது ஒரு கட்டி எடுத்துக்கொள்ளலாம். கடை சோப்பு மாதிரி நுரைக்கவில்லையே என்று மேலும் மேலும் ஊற்ற வேண்டாம். வடைச்சட்டிப் பிசுக்குக்கு முதலில் கொஞ்சம் கடலை மாவையோ சாம்பலையோ தூவித் துடைத்துவிடுங்கள். கிருமியைக் கொல்லும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள், அழுக்கை எடுக்கும், அதோடு சரி. கண்ணில் பட்டால் சீயக்காய் போலவே எரியும்.

கேள்வி: பீரோவில் பூச்சி உருண்டைக்குப் பதில் கற்பூரம் வைக்கலாமா? அது இயற்கைதானே? – வாசகி, நாகர்கோவில்

பதில்: வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இரண்டுமே வேண்டாம். கற்பூரத்தைக் குழந்தை மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்ளும், கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரலாம். துணியை மாதம் ஒருமுறை வெயிலில் உதறிக் காயப்போட்டு, காய்ந்த வேப்பிலையை மெல்லிய துணியில் முடிந்து இடையில் வையுங்கள். சாமி அறைக் கற்பூர டப்பாவையும் மேல் தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.