பழைய பண்ணைகளில் புறாக்களுக்கென்று தனிக் கோபுரம் கட்டினார்களாமே, கறிக்காகவா? எப்படிக் கட்டினார்கள்?

ஐரோப்பாவில் பெரும்பாலும் கறிக்காகத்தான். பிரான்சின் பல பகுதிகளில் புறாக்கூடு வைத்துக்கொள்வது பண்ணையார்களின் தனி உரிமையாகவே இருந்தது. ஊரார் வயலை அந்தப் புறாக்கள் மேய்ந்தாலும் வாயைத் திறக்க முடியாது. 1789 புரட்சியில்தான் அந்த உரிமை ஒழிந்தது.

ஆனால் எனக்குப் பிடித்தவை ஈரானில் இஸ்பஹானைச் சுற்றியுள்ள கோபுரங்கள். அங்கே தேவைப்பட்டது எச்சம். முலாம்பழத் தோட்டங்களுக்கு அதைவிட நல்ல உரம் இல்லை என்று நம்பினார்கள். தோல் பதனிடவும் அது பயன்பட்டது. புறாக்களுக்குத் தீனி போடுவதில்லை. அவை வெளியில் மேய்ந்துவிட்டு வந்து அடையும். வழக்கமாக வருடத்துக்கு ஒரு முறை கதவைத் திறந்து எச்சத்தை அள்ளுவார்கள். 17ஆம் நூற்றாண்டில் அங்கே போன பிரெஞ்சுப் பயணி ஷார்தான், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கோபுரங்கள் இருந்ததாக எழுதியிருக்கிறார்.

கட்டட வேலையை மேற்பார்த்துப் பிழைக்கிறவன் என்பதால் என் கண் சுவரிலேயே நின்றுவிடும். எல்லாம் சுடாத பச்சைச் செங்கல், மண் சாந்து, மேலே மண்ணும் வைக்கோலும் கலந்த பூச்சு. மரம் கிடைக்காத ஊர், அதனால் உத்திரம் கிடையாது. வளைவுகளும் குமிழ்க் கூரைகளும்தான் பாரம் தாங்குகின்றன. வெளிவட்டச் சுவருக்குள் இன்னொரு வட்டச் சுவர், இரண்டையும் பிணைக்கக் குறுக்குச் சுவர்கள். இவை எல்லாவற்றின் முகத்திலும் வரிசை வரிசையாகப் பொந்துகள், ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம் இருக்கும். பொந்துக்காகத் தனியாக எதையும் செய்து மாட்டவில்லை. கல்லை அடுக்கும்போதே இடம் விட்டு அடுக்கிவிட்டார்கள். கல்லும் மிச்சம், பாரமும் குறைவு. எனக்கு இதுதான் பெரிய கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது.

சரி, குறுக்குச் சுவர் அவ்வளவு எதற்கு? உள்ளே பாம்பு நுழைந்தால் ஆயிரக்கணக்கான புறாக்கள் ஒரே நேரத்தில் இறக்கையடித்துக் கிளம்பும். அந்த அதிர்வில் மண் சுவர் விரிந்துவிடக் கூடாது என்பதற்காகவும்தான் இந்த இறுக்கமான பிணைப்பு என்கிறார்கள். பாம்பு ஏறாமலிருக்க வெளிச்சுவரைச் சுற்றி வழவழப்பான ஜிப்சம் பட்டை ஒன்றும் உண்டு. உச்சியில் உள்ள சிறு மாடங்களின் துளை, புறா நுழையும் அளவுதான். பருந்தோ ஆந்தையோ உள்ளே போக முடியாது.

ரசாயன உரம் வந்ததும் கோபுரங்களைக் கவனிக்க ஆளில்லை. மண் கட்டடத்துக்கு அவ்வப்போது பூச்சு வேண்டும். அது நின்றதும் பல கரைந்துவிட்டன. இஸ்பஹான் நகருக்குள்ளேயே மர்தாவிஜ் கோபுரம் இன்னும் நிற்கிறது. யஸ்த் பக்கம் மேபோத் ஊரில் சுமார் 4000 பொந்துகளோடு ஒன்று பழுது பார்க்கப்பட்டு நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் வெளியிலிருந்து மட்டும் படம் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். வேலைப்பாடு முழுக்க உள்ளேதான்.