சண்டை முடிந்தது, கப்பல் வரவில்லை: திருகோணமலை 1945 கேள்வி பதில்

இரண்டாம் உலகப்போர் முடிந்த நாட்களில் இங்கிருந்த படையினரைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். என் தகப்பனார் அப்போது பிரித்தானியக் கடற்படையின் கப்பல் பட்டறையான டொக்யாட்டில் வேலை பார்த்தவர். அதனால் எனக்கு இது வீட்டுக் கதையும்தான்.

உவர்மலையிலிருந்து ஒரு தம்பி: ஐயா, 1945 ஆகஸ்ட் 15இல் யப்பான் பணிந்ததும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஊருக்குப் போய்விட்டார்களா?

இல்லைத் தம்பி. யப்பான் பிடித்து வைத்திருந்த மலாயாவில் இறங்க எல்லாம் ஆயத்தமாக இருந்தது. முறைப்படி சரணடைவு கையெழுத்தாகும்வரை யாரும் கரையிறங்கக் கூடாது என்று அமெரிக்கத் தளபதி மக்ஆர்தர் தடுத்துவிட்டார். கப்பல்கள் கடலில் காத்துக்கிடந்தன. செப்டம்பர் 2இல் கையெழுத்தானது, 3இல் பினாங்கில் இறங்கினார்கள், 9இல் மலாயாக் கரையில் பெரும்படை இறங்கியது. எதிர்த்துச் சுட ஆளில்லை. ஆனால் சிறைமுகாம்களில் எலும்பும் தோலுமாய் இருந்த தங்கள் ஆட்களைப் பார்த்தார்களே, சண்டையைவிட அது அவர்களை உலுக்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

லண்டனிலிருந்து ஒரு தங்கச்சி: பக்கத்து வீட்டு ஆச்சியின் கணவர் சீனன்குடாவில் விமானப்படையில் இருந்தவராம். 1946 வரை வீடு திரும்பவில்லையாம். ஏன் அண்ணா?

ஆளை விடுவிக்க ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். வயதும் சேவைக்காலமும் சேர்த்து ஒவ்வொருவருக்கும் ஒரு குழு இலக்கம். இரண்டு மாதச் சேவை ஒரு வயதுக்குச் சமம். இலக்கம் சின்னதென்றால் முதலில் போகலாம். கணக்கு நியாயமானதுதான், ஆனால் ஏற்றிப்போகக் கப்பல் போதவில்லை. ஜெர்மனிப் போர் மே மாதமே முடிந்து, ஐரோப்பாவில் இருந்தவர்கள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, இவர்கள் இங்கே வெயிலில் இலக்கத்தை எண்ணிக்கொண்டு கிடந்தார்கள். 1946 ஜனவரியில் கராச்சியில் பிரித்தானிய விமானப்படையினர் வேலை செய்ய மறுத்தார்கள். அது இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்று பரவியது. அதைக் கலகம் என்று எழுதுகிறார்கள். பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் கேட்டவனைக் கலகக்காரன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆச்சியிடம் பழைய கடிதங்கள் இருந்தால் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

நிலாவெளி மாணவி: சேர், உப்புவெளிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் போர் முடிந்த பிறகு இறந்தவர்களும் இருக்க முடியுமா?

முடியும் மகள். 1947 டிசம்பர் 31 வரை சேவையில் இறந்தவர்களையும் போரில் இறந்தவர்களாகவே கணக்கெடுக்கிறார்கள். சமாதானம் வந்த பிறகும் விபத்திலும் காய்ச்சலிலும் ஆட்கள் செத்தார்கள். அடுத்தமுறை போகும்போது கல்லில் திகதியையும் வயதையும் வாசித்துப் பாருங்கள்.

இன்னொருவர்: இங்குள்ள எண்ணெய்த் தாங்கிகளை யப்பான்காரன் உடைத்தது அப்போதா?

இல்லை, அது 1942 ஏப்ரல் 9. விமானம் ஒன்று மோதி ஒரு தாங்கி அழிந்தது.

மூதூரிலிருந்து ஒருவர்: எங்கட ஆட்களுக்கு என்ன நடந்தது?

இதைக் கேட்டதற்கு நன்றி. போர்க்காலத்தில் டொக்யாட்டில் ஆயிரக்கணக்கில் வேலை இருந்தது. கப்பல்கள் குறையக் குறைய அதுவும் குறைந்தது. பிரித்தானியரின் கடற்படைத் தளம் 1957இல்தான் இலங்கையிடம் வந்தது, அதுவரை அப்பா அங்கேதான் இருந்தார். வீட்டுக்குக் கப்பல் கிடைத்த ஒரு சிப்பாய் விட்டுப்போன தகரப் பெட்டியில்தான் அம்மா எங்கள் பிறப்புச் சான்றிதழ்களை வைத்திருந்தார். மூடியில் இருந்த இலக்கத்தை அப்பா கடைசிவரை சுரண்டவிடவில்லை.