அம்மாவை ஓட்டலில் விட்டுவிட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

டிசம்பரில் மூன்று நாள் கொல்கத்தா போகிறோம். நான், மனைவி, மகள், 72 வயது அம்மா. சனி முதல் திங்கள் வரை. விக்டோரியா நினைவகம், இந்திய அருங்காட்சியகம், மார்பிள் பேலஸ், ஜோராசாங்கோ தாகூர் வீடு, நேதாஜி பவன், விவேகானந்தர் வீடு, அன்னை தெரசா இல்லம் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். எந்த வரிசையில் போனால் நேரம் மிச்சமாகும்? அம்மாவுக்கு மியூசியமெல்லாம் போரடிக்கும், புரியவும் புரியாது. ஓட்டலிலேயே விட்டுவிட்டுப் போகலாமா என்றும் ஒரு யோசனை.

கே., ஈரோடு

அன்புள்ள தம்பி,

வரிசை இருக்கட்டும், முதலில் காலண்டரைப் பார். திங்கட்கிழமை இந்திய அருங்காட்சியகம் கிடையாது, தாகூர் வீடு கிடையாது, நேதாஜி பவன் கிடையாது. விக்டோரியாவில் தோட்டத்தைச் சுற்றலாம், கூடங்களுக்குள் விடமாட்டார்கள். மார்பிள் பேலஸுக்குத் திங்களோடு வியாழனும் லீவு. ஏழு இடத்தை எழுதி வைக்கத் தெரிந்தவனுக்கு இதை விசாரிக்கத் தோன்றவில்லை.

ஏழில் நாலை அடித்துவிடு. எந்த நாலு என்று என்னைக் கேட்காதே.

நேதாஜி பவனை மட்டும் மகளுக்காக வைத்துக்கொள். 1941 ஜனவரியில் ஒரு நள்ளிரவில், அண்ணன் மகன் சிசிர் ஓட்ட, வீட்டுக்காவலிலிருந்து அவர் தப்பிப்போன வாண்டரர் கார் அங்கேயே நிற்கிறது. அவர் போன பிறகும் உள்ளேதான் இருக்கிறார் என்று நம்பவைக்க, அவருக்கு வைத்த சாப்பாட்டை வீட்டுப் பிள்ளைகளே சாப்பிட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லு, மற்றதை அவளே கேட்டுக்கொள்வாள்.

அருங்காட்சியகம் 1814இல் தொடங்கியது. ஊர்க்காரர்கள் ஜாதுகர் என்பார்கள், மாயவீடு. எகிப்து மம்மி முன்னால் கூட்டம் மொய்க்கும். நீ பார்ஹூத் என்ற பழைய புத்த ஸ்தூபியின் சிற்பங்கள் இருக்கும் கூடத்துக்குப் போ. சிவந்த கல்லில் ஒரு வட்டம். புத்தருக்குக் கொடுக்க ஜேதவனத் தோப்பை வாங்குவதற்காக அனாதபிண்டிகர் என்ற வணிகர் தரை முழுக்கக் காசு பரப்பும் காட்சி. காசு ஏற்றிவந்த வண்டியும் அதிலேயே இருக்கிறது. மாடுகளை அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள், அவை அக்கடாவென்று படுத்திருக்கின்றன. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய சிற்பிக்கு, தூரம் வந்த மாட்டுக்கு இளைப்பாறல் வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. மூன்று நாளில் ஏழு இடம் போட்டவனுக்குத்தான் அது தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்குப் புரியாது என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. கோபம் உன்மேல் பாதிதான். மீதி என்மேல்.

2003 டிசம்பரில் கணவரின் அலுவலக வேலையை ஒட்டி நானும் கொல்கத்தா போனேன். மாமியாரும் கூட வந்தார். அத்தைக்கு மதுரைப் பக்கம். தாகூர் என்றால் ஜனகணமன எழுதியவர், அவ்வளவுதான். ஜோராசாங்கோவுக்குக் கிளம்பும்போது நானும் நீ கேட்டதையேதான் கேட்டேன். "அத்தை, நீங்க ரூம்லயே படுத்துக்கறீங்களா?" "ஏன், நான் வந்தா அந்த வீட்டுக்காரவுக வையுவாகளா?" என்றபடி சேலையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

நான் போனது பக்திப் பரவசத்தில். 1861இல் பிறந்த வீட்டுக்கே கடைசியில் தாகூரைக் கொண்டுவந்தார்கள். 1941 ஜூலை 30ஆம் தேதி வீட்டுத் தாழ்வாரத்திலேயே அறுவை சிகிச்சை, ஆகஸ்ட் 7ஆம் தேதி முடிந்துவிட்டது. அந்த அறை வாசலில் கண்கலங்கி நின்றுவிட்டுத் திரும்பினால் அத்தையைக் காணோம்.

சமையலறையில் இருந்தார். தாகூரின் மனைவி மிருணாளினி சமைத்த இடம் அது. மண் அடுப்பைக் குனிந்து, ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். "இம்புட்டுப் பெரிய வீட்டுல இது ஒண்ணுதாண்டி எனக்கு வெளங்குது. யாரு பொங்குனது?" என்றார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒன்பது வயதில் கல்யாணமாகி வந்தவள். ஐந்து பிள்ளைகள். 1902இல் இதே வீட்டில், முப்பது கூட ஆகாமல் போய்விட்டாள். பிறந்த வீட்டில் வைத்த பெயர் பவதாரிணி, கல்யாணத்துக்குப் பிறகு மிருணாளினி ஆக்கிவிட்டார்கள்.

அத்தை நிமிர்ந்து, "எனக்கும் இது எங்க அப்பா வச்ச பேரு இல்ல" என்றார்.

அத்தையின் மாமியாருக்கும் அதே பெயராம். மாமியார் பெயரைச் சொல்லி மருமகளை எப்படி ஏவுவது, வைவது? முதல் நாளே மாற்றிவிட்டார்கள். ரேஷன் கார்டிலும் புதுப் பெயர்தான். பதினெட்டு வருடம் ஒரே சமையலறையில் புழங்கியிருக்கிறேன், எனக்குத் தெரியாது. கணவருக்கும் தெரியாது. அந்தப் பெயரை அத்தை எனக்கு மட்டும் சொன்னார். இங்கே எழுதமாட்டேன்.

அன்றிலிருந்து எந்தப் பெரிய மனிதர் வீட்டுக்குப் போனாலும் முதலில் அடுப்படி எங்கே என்றுதான் கேட்கிறேன். மேஜை, பேனா, பதக்கம், மூக்குக்கண்ணாடி எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். தண்ணீர் யார் சுமந்தார்கள், பாத்திரம் எங்கே கழுவினார்கள் என்று கேட்டுப் பார், காவலுக்கு நிற்பவர் உன்னை விநோதமாகப் பார்ப்பார். பல வீடுகளில் சமையல்கட்டை இடித்து டிக்கெட் கவுண்டரோ கழிவறையோ ஆக்கியிருப்பார்கள். தாகூரே சிறுவயதில் வேலைக்காரர்கள் ஆட்சியில் வளர்ந்ததாக எழுதியிருக்கிறார். ஷ்யாம் என்ற வேலைக்காரன் சாக்பீஸால் தரையில் வட்டம் போட்டு, தாண்டினால் ஆபத்து என்று மிரட்டி உட்காரவைத்துவிட்டுப் போய்விடுவானாம். பையன் ஜன்னல் வழியே குளத்தையும் ஆலமரத்தையும் பார்த்தபடி பொழுதைப் போக்கியிருக்கிறான். அந்த ஷ்யாம் எங்கே படுத்துத் தூங்கினான்? நூற்றுக்கணக்கில் புத்தகம் வந்த மனிதரின் வீட்டில், இதைக் கேட்டால் அறிவில்லாதவள் என்கிறார்கள். அத்தைக்கு அறிவு இல்லைதான், ஆனால் நான் ஒரு மணி நேரம் பார்த்தும் பார்க்காததை அவர் வந்த ஐந்தாவது நிமிடம் பார்த்துவிட்டார்.

கைடு வைக்கலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தாய். வேண்டாம். அம்மாவை முன்னால் நடக்கவிட்டு நீ பின்னால் போ. அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே நில். வாட்ஸாப்பை எடுக்காதே.

ஜோராசாங்கோவுக்கு கிரீஷ் பார்க் மெட்ரோ நிலையத்தில் இறங்கு. மாடி ஏற செருப்பைக் கழற்றச் சொல்வார்கள், டிசம்பரில் தரை சில்லென்று இருக்கும். அம்மாவுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் எடுத்துவை.