ஆபீஸ் மாடி ஏத்தறது மகனோட வேலையா?

கேள்வி: அம்மா, வணக்கம். எனக்கு 44 வயசு, மாவட்டத் தலைநகர்ல ஒரு அரசு அலுவலகத்துல உதவியாளரா இருக்கேன், 17 வருஷ சர்வீஸ். மூணு வருஷத்துக்கு முன்னாடி பைக் ஆக்சிடென்ட்ல வலது காலை முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க, செயற்கைக் கால் போட்டு நடக்கறேன். என் செக்‌ஷன் ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கீழ தபால் செக்‌ஷன்ல சீட் மாத்திக் குடுங்கன்னு சூப்ரண்டு கிட்ட பல தடவை கேட்டேன். "முடிஞ்சா வா, முடியலேன்னா விஆர்எஸ் (விருப்ப ஓய்வு) எழுதிக் குடு, மெடிக்கல் போர்டுக்கு அனுப்புனா வேலையே போயிடும்"னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். லேட்டுன்னு ரெண்டு மெமோ, இனிமே இப்படி நடக்காதுன்னு எழுதிக் குடுத்தேன். பத்தாவது படிக்கிற பையன்தான் காலைல கூட வந்து மேல ஏத்தி விட்டுட்டு ஸ்கூலுக்குப் போறான், முதல் பீரியட் கணக்கு போயிடுது, நல்ல பிள்ளை, முகம் சுளிக்க மாட்டான், அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. புகார் குடுக்கலாம்னா, இன்னும் 16 வருஷம் சர்வீஸ் இருக்கு, யாரையும் பகைச்சுக்காதீங்கன்னு மனைவி அழறா. குடும்பத்துக்காகப் பொறுத்துக்கிட்டு இருக்கேன். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, சூப்ரண்டு அப்புறம். முதல்ல உங்க பையனோட கணக்கு பீரியடைப் பேசுவோம்.

இத்தனை நீளக் கடிதத்துல பெரிய விஷயமில்லன்னு நீங்க தாண்டிப் போனது அது ஒண்ணுதான், எனக்கு அதுக்கு மேல படிக்கவே முடியல. பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு தினமும் முதல் பீரியட் போகுது, அதுவும் கணக்கு, பெத்த அப்பா அது பெரிய விஷயமில்லன்னு எழுதறீங்க. காலைல ஏத்தி விடறான் சரி, சாயங்காலம் யாரு இறக்கி விடறாங்க? அதை நீங்க எழுதவே இல்ல. அவனாத்தான் இருக்கும். பத்தாவது பசங்களுக்கு சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் வைப்பாங்களே, அப்போ அதுவும் போச்சு. மத்தியானம் பாத்ரூம் போக என்ன பண்றீங்க? கீழ இறங்கி ஏற பயந்து காலைலேர்ந்து தண்ணி குடிக்காம உக்காந்திருக்கீங்களா? இந்த மாதிரி கடிதம் எனக்கு நிறைய வருது, நிறைய பேர் அதைத்தான் பண்றாங்க, அதான் கேக்கறேன். இன்னொண்ணு, எல்லார் முன்னாடியும் "முடிஞ்சா வா"ன்னு சூப்ரண்டு சொன்னப்போ உங்க டிபன் பையைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பையன் பக்கத்துல நின்னானா?

பெத்தவங்களைப் பிள்ளைங்க தாங்கணும், அதுல எனக்கு ரெண்டு பேச்சே கிடையாது. வீட்டுல உங்களைக் குளிப்பாட்டி விடட்டும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகட்டும், நாளைக்கு வயசானா கைல தாங்கட்டும், அது அவன் கடமை, செய்யலேன்னா நானே அவனைத் திட்டுவேன். ஆனா அரசாங்கக் கட்டடத்துல லிஃப்ட் இல்லாததுக்கு அவன் தோளைக் குடுக்கறது எந்த ஊர் கடமை? உங்க ஆபீஸ் செஞ்சு குடுக்க வேண்டிய வேலையை சம்பளம் இல்லாம உங்க மகன் செய்யறான், அதுக்கு அவனோட பரீட்சையை வெலையாக் குடுக்கறான். குடும்பத்துக்காக நீங்க பொறுத்துக்கறதா எழுதியிருக்கீங்க. தம்பி, உங்க ஆபீஸுக்காக உங்க குடும்பம் பொறுத்துக்கிட்டு இருக்கு.

இப்போ வேலை போயிடும்ங்கற பயம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்னு 2016ல வந்துச்சு, 2017 ஏப்ரல்லேர்ந்து அமல்ல இருக்கு. அதுல 20வது பிரிவு, 4வது உட்பிரிவு, இதை மனப்பாடம் பண்ணிக்குங்க: வேலைல இருக்கும்போது ஒருத்தருக்கு உடல் குறைபாடு வந்துட்டா அரசு அவரை வேலைய விட்டு நீக்கக்கூடாது, பதவிய இறக்கவும் கூடாது. பார்த்துக்கிட்டு இருந்த வேலை முடியலேன்னா அதே சம்பள விகிதம், அதே சலுகையோட வேற வேலை குடுக்கணும், வேற வேலையும் இல்லேன்னா அவருக்குன்னு கூடுதலா ஒரு பணியிடத்தை உண்டாக்கி, பொருத்தமான இடம் கிடைக்கற வரைக்கும் இல்ல ரிடையர் ஆகற வரைக்கும் அதுல வச்சுக்கணும். ஆக்சிடென்ட் டியூட்டில நடந்துதா லீவுல நடந்துதான்னு சட்டம் கேக்கல, சர்வீஸ்ல இருந்தீங்களா, அவ்ளோதான். இது புதுசும் இல்ல, 1995 சட்டத்துலயே இருந்துச்சு, அதை வச்சுத்தான் கால் எடுத்த ஒரு கான்ஸ்டபிளை வேலைக்கு லாயக்கில்லன்னு அனுப்பினது தப்புன்னு குணால் சிங் வழக்குல 2003லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. மெடிக்கல் போர்டு என்ன எழுதினாலும் உங்க சம்பளம் போகாது. அப்புறம் விஆர்எஸ்ஸாம்! அதுக்கு 20 வருஷத் தகுதிப் பணி ஆகணும், இல்ல 50 வயசு ஆகணும், உங்களுக்கு ரெண்டும் ஆகல. அது அந்த சூப்ரண்டுக்குத் தெரியாமலா இருக்கும்? நீங்க பயப்படறது தெரிஞ்சு சொல்றார். உங்க வீட்டம்மா அழறது சம்பளம் நின்னுடும்னுதான், இந்தப் பிரிவை இன்னைக்கு ராத்திரியே அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க, இத்தனை நாள் காட்டாதது உங்க தப்பு.

சீட் மாத்தறதும் யாரோ மனசு வச்சு செய்யற தயவு இல்ல. ஒருத்தரோட உடம்புக்கு ஏத்த மாதிரி ஆபீஸ் தன்னால முடிஞ்ச மாத்தத்தைச் செஞ்சு குடுக்க மறுத்தா அந்த மறுப்பே பாகுபாடுன்னு அதே சட்டம் 2வது பிரிவுலயே சொல்லுது. ஆபீஸ் தாங்க முடியாத பாரமா இருந்தா மட்டும்தான் விலக்கு. ஒரு மேஜை நாற்காலியைக் கீழ இறக்கறது என்ன பாரம்?

அடுத்தது அந்த மெமோ, அதுலதான் எனக்குக் கோவமே வருது. 17 வருஷமா ஃபைல் ஓட்டறவருக்கு நான் சொல்லணுமா, ஆபீஸ்ல வாயால கேட்டது கேட்டதே ஆகாதுன்னு. சீட்டை பல தடவை வாயால கேட்டிருக்கீங்க, தப்பை மட்டும் எழுத்துல ஒத்துக்கிட்டு இருக்கீங்க. நாளைக்கு யாராவது அந்த ஃபைலைப் புரட்டினா அதுல என்ன இருக்கும்? ரெண்டு மெமோ, ரெண்டு மன்னிப்பு, காலைப் பத்தி ஒரு வரி கிடையாது. அந்த ரெண்டு மெமோவுக்கும் கூடுதல் விளக்கம்னு போட்டு எழுதுங்க, ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்ல, இத்தனை மாசமா சீட் மாத்தச் சொல்லிக் கேக்கறேன், தாமதத்துக்குக் காரணம் இதுதான்னு. யுடிஐடி கார்டு, அதான் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, அதோட நகலை சேருங்க, கார்டு இன்னும் எடுக்கலேன்னா மொதல்ல போய் அதை எடுங்க.

அப்புறம் சீட் மாத்தச் சொல்லி ஆபீஸ் தலைவருக்குத் தனி மனு, முறையான வழியா அனுப்புங்க, தபால் செக்‌ஷன்ல நேர்ல குடுத்து நகல்ல சீலும் தேதியும் வாங்கிக்குங்க. அதே நாள் இன்னொரு மனு, 23வது பிரிவுப்படி உங்க ஆபீஸோட குறைதீர்ப்பு அலுவலருக்கு. ஒவ்வொரு அரசு அலுவலகத்துலயும் அப்படி ஒருத்தரைப் போட்டே ஆகணும், அவர் புகாருக்குன்னு ரிஜிஸ்தர் வைக்கணும், பதிவான ரெண்டு வாரத்துல விசாரிக்கணும். அவர் செஞ்சது திருப்தி இல்லேன்னா மாவட்ட அளவிலான கமிட்டி இருக்கு, அதுக்கும் மேல மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கார், சிவில் கோர்ட் மாதிரி ஆளைக் கூப்பிட்டு ஃபைலை வரவழைச்சு விசாரிக்கற அதிகாரம் அவருக்கு உண்டு, அவர் பரிந்துரை அனுப்பினா மூணு மாசத்துல என்ன நடவடிக்கை எடுத்தோம்னு உங்க டிபார்ட்மென்ட் பதில் சொல்லணும்.

பொது இடத்துல வேணும்னே அவமானப்படுத்தினா 92வது பிரிவு, ஆறு மாசத்துலேர்ந்து அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில். எல்லார் முன்னாடியும் சொன்னார்னு எழுதியிருக்கீங்க, இதையும் தெரிஞ்சு வச்சுக்குங்க, ஆனா எடுத்த எடுப்புலயே இதைக் கைல எடுக்காதீங்க. உங்களுக்கு இப்போ வேண்டியது கீழ ஒரு சீட்டு, அந்த ஆளை ஜெயிலுக்கு அனுப்பறது இல்ல. மறுபடி அப்படிப் பேசினா அப்போ தேதி, நேரம், யார் யார் இருந்தாங்க எல்லாத்தையும் எழுதி வைங்க.

பழிவாங்குவாங்களான்னா, வாங்குவாங்க. எங்கேயாவது டிரான்ஸ்ஃபர் போடப் பார்ப்பாங்க. புகார் சீல் வச்சு உள்ள போனதுக்கு அப்புறம் டிரான்ஸ்ஃபர் வந்தா ரெண்டு தேதியையும் பக்கத்துல வச்சு கோர்ட்டே பார்க்கும், வாயை மூடிக்கிட்டு இருந்து டிரான்ஸ்ஃபர் வந்தா அது வெறும் நிர்வாகக் காரணம். அனுசரிச்சுப் போங்கன்னு சொல்ற சக ஊழியர்களைக் கேளுங்க, அவங்க பிள்ளைய அனுப்பி உங்களை ஏத்தி விடுவாங்களான்னு. உங்க ஆபீஸுக்கு மனுவோட வர்ற ஊன்றுகோல் ஜனங்களும் அந்த மாடியத்தானே ஏறணும், உள்ள இருக்கற நீங்களே கேக்கலேன்னா அவங்களுக்காக யாரு கேப்பா?

ஸ்கூலுக்கும் இந்த வாரமே போங்க, எத்தனை பாடம் விட்டுப்போச்சுன்னு வாத்தியார் கிட்ட கேட்டு அதைப் புடிக்க ஏற்பாடு பண்ணுங்க, அது உங்க கடமை.

மனுவோட கடைசி பாராவுல, உத்தரவு வர்ற வரைக்கும் மாடி ஏற இறங்க அலுவலகமே ஆள் ஏற்பாடு பண்ணணும், இதுநாள் வரை உதவிக்கு வந்த என் மகன் இந்தத் தேதியிலேர்ந்து வரமாட்டான்னு எழுதுங்க, தேதியை நீங்களே போடுங்க, போட்டுட்டா அதை மாத்தாதீங்க. குறைதீர்ப்பு அலுவலர் யாருன்னே ஆபீஸ்ல சொல்லலேன்னா பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐல, அதான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல, கேளுங்க, 30 நாள்ல எழுத்துல பதில் சொல்லியாகணும், அப்படி யாரையுமே போடலேன்னு பதில் வந்தா அந்தக் கடிதத்தையும் ஆணையருக்கு அனுப்பற புகாரோட சேர்த்து அனுப்புங்க.