ஸ்ட்ராங்ஹோல்ட் குருசேடர் கணினி ஆட்டத்தில் தங்கம் இருந்தும் கூலிப்படை பெருக மாட்டேன் என்கிறதே, ஏன்? யாரை, எப்போது எடுப்பது?

2000 தங்கம் கையில் இருக்கிறது, கூலிப்படை எடுக்கும் கட்டடமான மெர்சனரி போஸ்ட்டும் கட்டியாயிற்று, ஆனாலும் இருபத்துச் சொச்சம் பேரோடு ஆள் எடுக்கும் பட்டன் மங்கிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தங்கத்தில் குறையில்லை. ஆள் தீர்ந்துவிட்டது.

அரபுக் கூலிப்படை என்றால் வெளியிலிருந்து வந்து சேரும் படை என்றுதான் முதலில் எல்லோரும் நினைப்பார்கள். இந்த ஆட்டத்தில் அப்படியில்லை. பிரபுவின் மாளிகையான கீப் எதிரே கேம்ப்ஃபயரைச் சுற்றி நிற்கும் வேலையற்ற குடிமக்களில் ஒருவர்தான் ஒவ்வொரு கூலி வீரராகவும் மாறுகிறார். அங்கே அதிகபட்சம் 24 பேர்தான் சேர்வார்கள். அந்த 24 பேரையும் அடிமைப் படையாக எடுத்தால் தலைக்கு 5 வீதம் 120 தங்கம். அதே 24 பேரை அரபு வாள்வீரர்களாக எடுத்தால் தலைக்கு 80 வீதம் 1920. தங்கம் சேர்ந்த பிறகு மலிவான ஆளை எடுப்பது அதனால்தான் நட்டம்: தட்டுப்பாடு ஆளுக்கு, தங்கத்துக்கு அல்ல. கூலிப்படை பற்றி ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

கேம்ப்ஃபயர் நிறைந்துவிட்டால் புதிதாக யாரும் வரமாட்டார்கள். எனவே 24 சேரட்டும் என்று காத்திருக்காமல், பத்துப் பத்தாக எடுத்துக்கொண்டே இருங்கள். காலியாகும் இடத்துக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும். வருவதற்கு இரண்டு நிபந்தனைகள். மக்கள் ஆதரவு 50க்குக் கீழே இறங்கக் கூடாது, இறங்கினால் இருப்பவர்களும் கிளம்பிவிடுவார்கள். குடியிருக்க இடமும் வேண்டும்: ஒரு குடிசைக்கு 6 மரம், அதில் 8 பேர். போருக்கு வரியை ஏற்றியே ஆக வேண்டும் என்றால் உணவில் ஈடுகட்டுங்கள். முழுப் படி உணவு கொடுத்தால் மக்கள் ஆதரவில் கூடுதலும் இல்லை குறைவும் இல்லை. ஒன்றரைப் படி கொடுத்தால் +4, இரட்டைப் படி கொடுத்தால் +8.

இன்னொரு பக்கமும் ஆள் ஒழுகும். படை திரட்டும் நேரத்தில் புதிதாக ஒரு பண்ணையோ பட்டறையோ கட்டினால், கேம்ப்ஃபயரில் நிற்பவர் முதலில் அந்த வேலைக்குத்தான் போவார். ஆகவே முதலில் படை, பிறகு பட்டறை. அவசரத்துக்குத் தேவையில்லாத பட்டறைகளைத் தூங்க வைத்தால், அதாவது வேலையை நிறுத்தி வைத்தால், அங்கிருப்பவர்கள் கேம்ப்ஃபயருக்குத் திரும்புவார்கள். முற்றுகை நேரத்தில் இது பெரிய உதவி.

பாரக்ஸில் எடுக்கும் ஐரோப்பிய வீரர்களா, கூலிப்படையா என்பது அடுத்த கேள்வி. ஐரோப்பிய வாள்வீரருக்குக் கூலி 40தான், ஆனால் ஆயுதக் கிடங்கான ஆர்மரியில் ஒரு வாளும் ஓர் இரும்புக் கவசமும் இருக்க வேண்டும். மார்க்கெட்டில் இரண்டும் 58 வீதம் வாங்கினால் மொத்தம் 156 ஆகிவிடும். அரபு வாள்வீரருக்கு 80 தங்கம் கொடுத்தால் போதும், ஆயுதம் அவர் பொறுப்பு. ஐரோப்பியரைவிடக் கொஞ்சம் பலம் குறைவு, ஆனால் நடையில் வேகம் அதிகம். வில்லாளிகளில் கணக்கு தலைகீழ்: ஐரோப்பிய வில்லாளிக்கு 12 தங்கமும் ஒரு வில்லும். வில் மார்க்கெட்டில் 31, ஆக 43. அரபு வில்லாளிக்கு 75. மரமும் வில் பட்டறையும் இருக்கும் வரைபடத்தில் அரபு வில்லாளியை எடுப்பது வீண்செலவு. ஆனால் ஆர்மரியே இல்லாமல் எதிரி வாசலுக்கு வந்துவிட்டால் அந்த 75 தங்கம்தான் கோட்டையைக் காப்பாற்றும். இந்த விலைகளெல்லாம் 2002இல் வந்த மூல ஆட்டத்துக்கானவை.

ஒருமுறை கூலி கொடுத்தால் அதோடு முடிந்தது. மாதச் சம்பளம் கிடையாது. கூலிப்படையைப் போர் முடிந்ததும் கலைத்துவிட வேண்டும் என்ற வேறு ஆட்டங்களின் பழக்கம் இங்கே வேண்டாம்.

இனி ஆள்வாரியாக. அடிமைகள் கையில் தீப்பந்தம். மதிலுக்கு வெளியே இருக்கும் எதிரியின் பண்ணைகள், பட்டறைகள் மேல் ஏவுங்கள். கல் மதிலில் தீ பற்றாது. நெருக்கமாகக் கட்டிய கோட்டையில் ஒரு கட்டடத்தில் பிடித்த தீ அடுத்ததற்குத் தாவும். அந்தத் தீக்கு உங்கள் ஆள், எதிரி ஆள் என்ற பேதம் கிடையாது, அதனால் பத்துப் பேரையும் ஒரே கட்டடத்தில் குவிக்காமல் இரண்டு மூன்றாகப் பிரித்து அனுப்புங்கள். வில்லாளிகள் கண்ணில் பட்டால் நொடியில் விழுந்துவிடுவார்கள். கவண் வீரர் 12 தங்கம், வீச்சு குறைவு. மதில்மேல் நிறுத்தி, அடிவாரத்துக்கு வருபவரைத் தாக்க மட்டும் ஏற்றவர்.

குதிரை வில்லாளி 80 தங்கம். ஓடிக்கொண்டே அம்பு விடுவார் என்பதுதான் அவருடைய முழு மதிப்பும். ஈட்டிக்காரர்களையும் கதாயுத வீரர்களையும் நெருங்க விடாமல் சுற்றிச் சுற்றி அடிக்கலாம். தாக்கச் சொல்லிவிட்டு அப்படியே விட்டால் நின்ற இடத்தில் நின்று சாவார். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ரோந்து போட்டு ஓட விடுங்கள். கோபுரத்தின் மேல் நிற்கும் வில்லாளிகளிடம் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

தீக்குடுவை எறிபவர் 100 தங்கம், எல்லாரையும்விட விலை அதிகம். வாசலுக்கு மேலே ஐந்தாறு பேர் நின்றால் நெருக்கியடித்து வரும் காலாட்படை கருகிவிடும். இவர்களை நின்ற இடம் நகராத நிலையில் வையுங்கள். எதிரியைத் துரத்திக்கொண்டு கீழே இறங்கினால் சொந்தப் படை நடுவிலேயே குடுவை விழும்.

அசாசின் 60 தங்கம். என் கணிப்பில் மெர்சனரி போஸ்ட்டில் கொடுத்த தங்கத்துக்கு அதிகப் பலன் தருபவர் இவர்தான், தவறாகப் பயன்படுத்தப்படுபவரும் இவர்தான். எதிரி வீரர் பக்கத்தில் இல்லாதவரை இவர் அவர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார். கொக்கிக் கயிறு எறிந்து மதிலேறுவார். ஏறும்போது ஒவ்வொருவராகத்தான் மேலே போய்ச் சேர்வார்கள், எனவே மேலே யாராவது நின்றால் முதல் ஆள் வெட்டுப்படும்போது மற்றவர்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டிருப்பார்கள். ஆகவே வாசல் பக்கம் போகாமல், கோபுரத்துக்குத் தொலைவில் ஆளில்லாத பின்மதிலைத் தேர்ந்தெடுங்கள். அதே நேரத்தில் முன்வாசலில் பத்து வாள்வீரர்களைக் காட்டி வில்லாளிகளின் கவனத்தை அங்கே இழுங்கள். பன்னிரண்டு பேராவது மேலே சேர்ந்த பிறகு வாசலைக் கைப்பற்றச் சொல்லுங்கள். வாசல் உங்கள் கைக்கு வந்ததும் வாள்வீரர்கள் உள்ளே நுழைந்து நேராக எதிரிப் பிரபுவிடம் போகட்டும். அவர் விழுந்தால் அவர் கதை முடிந்தது.

அரபு வாள்வீரர்கள் சாதாரண அம்பை நன்றாகத் தாங்குவார்கள். ஆனால் குறுக்குவில் அந்தக் கவசத்தைத் துளைத்துவிடும். பிக், வுல்ஃப் போன்ற, கணினி ஆடும் எதிரிப் பிரபுக்களின் மதிலில் குறுக்குவில்காரர்கள் நிற்பதால் அங்கே வாள்வீரர்களை நேரே ஓட விடாதீர்கள். குறுக்குவில்லின் வீச்சு வில்லைவிடக் குறைவு. முதலில் உங்கள் வில்லாளிகள் தூர நின்று மதிலைச் சுத்தம் செய்யட்டும்.

ஊருக்குள் கட்டும் அலங்காரமும் படையைப் பாதிக்கும். தோட்டம், சிலை, குளம் கட்டினால் வீரர்களின் அடி 25% வரை கூடும், உற்பத்தி குறையும். தூக்குமரமும் சிறையும் கட்டினால் உற்பத்தி கூடும், வீரர்களின் அடி குறையும். தங்கத்தைக் கொட்டிப் படை எடுத்தும் எல்லாச் சண்டையிலும் தோற்றால் இதையும் பாருங்கள்.

சண்டை முடிந்து மிஞ்சும் அடிமைகளைக் கலைத்தால் கேம்ப்ஃபயருக்குத் திரும்புவார்கள், கொடுத்த தங்கம் திரும்பாது. அதைவிட மதிலைச் சுற்றி அகழி தோண்ட விடுங்கள். அடுத்த கோட்டையைத் தாக்கும்போது எதிரியின் அகழியைத் தூர்க்கவும் அவர்களே வேண்டும்.