கட்டிலருகே பாடலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர். கடைசி நாட்களில் இருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று பக்கத்தில் இருக்கிறது. அங்கே போய்ப் பாட ஆசை. “நினைவே இல்லாதவர்களுக்குப் பாடி என்ன ஆகப்போகிறது?” என்கிறார் கணவர். போகலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: போங்கள். ஆனால் டீச்சரைச் செருப்போடு வாசலிலேயே விட்டுவிடுங்கள். கோபிக்காதீர்கள், நானும் பாட்டு டீச்சர்தான். ஆறு வருடமாக வியாழக்கிழமைதோறும் இப்படி ஓர் இல்லத்துக்குப் போகிறேன். முதல் நாள் சுருதிப் பெட்டியை வைத்து ஆலாபனையே ஆரம்பித்துவிட்டேன். “கச்சேரி எப்பம்மா முடியும்?” என்று கேட்டார் பக்கத்துக் கட்டில் பாட்டி.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் நினைவு தப்பி இறுதிக்கட்டத்தில் இருந்தவர்களின் மூளை அலைகளைப் பதிவுசெய்து, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே மாதிரி ஓசைகளுக்கு நடுவே ஓசை மாறியபோது, சிலருடைய மூளை அதைக் கவனித்திருக்கிறது. புரிந்ததா என்பது வேறு விஷயம். “இன்னும் எத்தனை நாளோ” என்கிற பேச்சையெல்லாம் நான் வராந்தாவில்தான் வைத்துக்கொள்வேன்.

கலிபோர்னியாவில் கேட் மங்கர் என்பவர் 2000-ல் ‘திரெஷோல்ட் கொயர்’ என்ற குழுவைத் தொடங்கினார். இரண்டு மூன்று பேராகக் கட்டிலருகே உட்கார்ந்து, சின்னச் சின்னப் பாட்டுகளைத் தாலாட்டுவது போல மெல்லப் பாடுவார்கள். அதைப் படித்துத்தான் மடக்கு ஸ்டூல் வாங்கினேன். நின்றுகொண்டு பாடினால் குரல் அவர்கள் தலையில் கொட்டுகிறது.

தாளம் போடாதீர்கள், மூச்சைப் பாருங்கள். கடைசி நாட்களில் சிலருக்கு மூச்சு வேகமாக ஏறும், இறங்கும், கொஞ்ச நேரம் நின்றே போகும். அப்போது நாமும் நிறுத்திவிட வேண்டும். பயத்தில் பாட்டை இழுக்கத் தோன்றும், இழுக்காதீர்கள்.

என்ன பாடுவது? கேட்டுவிட்டுப் பாடுங்கள். ஒரு பெரியவருக்கு நானாக ஒரு பக்திப்பாட்டைத் தொடங்கினேன். போர்வைக்குள்ளிருந்து ஒரு விரல் வெளியே வந்து ‘வேண்டாம்’ என்று ஆடியது. “சாமி பாட்டெல்லாம் அவருக்குப் பிடிக்காதும்மா. சின்ன வயசுல ஏத்தம் இறைச்சவரு” என்றார் மனைவி. கிணற்றில் ஏற்றம் இறைக்கும்போது பாடும் ஏற்றப்பாட்டு எனக்கு ஒரு வரிகூடத் தெரியாது. அந்த அம்மாவே, தண்ணீர் மொள்ளும் சால் ஒவ்வொன்றாக எண்ணி எண்ணிப் பாட ஆரம்பித்தார். நான் வாயை மூடிக்கொண்டு கூடவே முனகினேன், அவ்வளவுதான். முப்பதுக்கு மேல் எண்ணிக்கை தவறி அந்த அம்மா தடுமாற, பெரியவரின் உதடு ‘முப்பத்தொண்ணு’ என்று அசைந்தது. நான் பாடியதிலேயே நல்ல பாட்டு அதுதான் என்பேன், பாடியது நானில்லை என்றாலும்.

அப்புறம், நர்ஸிடமும் வீட்டாரிடமும் கேட்காமல் அறைக்குள் போகாதீர்கள். இருபது நிமிடம் போதும். சளி பிடித்திருந்தால் அந்த வாரம் வீட்டிலேயே இருங்கள்.