ஆக்சிஜன் அறை சிகிச்சை: உங்கள் கேள்விகளும் ஒரு நர்ஸின் பதில்களும்

அழுத்தம் கூட்டிய அறைக்குள் சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கும் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை பற்றி நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஆட்கள் அனுப்பிய கேள்விகள் இவை. அந்த அறை இருக்கும் பிரிவில் நெடுநாள் நர்ஸாக இருந்தவள் என்பதால் என்னிடம் வந்திருக்கின்றன. யாருக்கு எந்த மருந்து, ஆப்பரேஷன் வேண்டுமா என்பதெல்லாம் உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது. மற்றதைக் கேளுங்கள்.

பாலக்கோடு: அப்பாவுக்குச் சர்க்கரை. தக்காளித் தோட்டத்தில் முள் குத்திய உள்ளங்கால் புண் இரண்டு மாசமாக ஆறவில்லை. பெங்களூரில் 30 தடவை அறைக்குள் படுக்கச் சொல்கிறார்கள். ஆறிவிடுமா சிஸ்டர்?

ஆற வாய்ப்பு உண்டு. ஆனால் அதற்கு முன் ஒன்று கேட்கிறேன். அப்பாவின் பாதத்தில் நாடியைத் தொட்டுப் பார்த்தார்களா? காலில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்களா? எலும்பு வரை சீழ் போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே பார்த்தார்களா?

உள்ளே வழக்கமாக 2 முதல் 2.5 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில், ஒன்றரை இரண்டு மணி நேரம் சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்போம். சாதாரணமாக 100 மில்லி ரத்தத்தின் நீர்ப்பகுதியில் 0.3 மில்லி ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். 3 மடங்கு அழுத்தத்தில் அது 6 மில்லி வரை ஏறும். புதிய ரத்தக்குழாய் முளைக்கவும், வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்லவும் அது உதவும். ஆனால் காலுக்குப் போகும் பெரிய குழாயே அடைத்திருந்தால்? வாய்க்கால் தூர்ந்து கிடக்கும்போது ஏரி நிரம்பி என்ன, கடைமடை காய்ந்துதான் கிடக்கும். அடைப்பை எடுப்பது ரத்தநாள அறுவை டாக்டரின் வேலை, அறையின் வேலை இல்லை.

இன்னொன்று நடை. நோயாளிகள் கட்டுப் போட்ட காலோடு தேய்ந்த ரப்பர் செருப்பில் நடந்தே வருவார்கள். கட்டின் அடிப்பக்கம் நசுங்கி, மஞ்சளாக ஊறியிருக்கும். இரண்டு மணி நேரம் ஆக்சிஜன் கொடுத்துவிட்டு மீதி நேரமெல்லாம் புண்ணின் மேல் உடம்புப் பாரத்தை ஏற்றினால் அது எப்படி மூடும்? அழுகிய சதையை வெட்டிச் சுத்தம் செய்வது, காலில் பாரம் விழாமல் பார்ப்பது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, பீடியை விடுவது எல்லாம் முதலில். அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடே, புண் ஆழமாக எலும்பு வரை போயிருந்து அல்லது உள்ளே சீழ் கட்டியிருந்து, 30 நாள் முறையான வைத்தியத்துக்கும் ஆறாமல் இருந்தால்தான் இதற்குப் பணம் தருகிறது. ஆய்வு முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. டாப்ளர் பார்க்காமலே 30 தடவைக்கு முன்பணம் கேட்டால் கட்டாதீர்கள்.

காவேரிப்பட்டினம்: அம்மா தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்கவே மாட்டார். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் பரவாயில்லையா?

கூடாது, உள்ளே தீப்பிடிக்கும் ஆபத்து. எண்ணெய், தைலம், சென்ட், நைலக்ஸ் புடவை, செல்போன், லைட்டர் எதுவும் உள்ளே போகக் கூடாது. தலைக்குக் குளித்துவிட்டு வந்து, அங்கே கொடுக்கும் பருத்தி உடையைப் போடச் சொல்லுங்கள்.

பென்னாகரம்: பட்டுப்புழு மனையில் குளிருக்குக் கரி அடுப்பு வைத்து, தம்பி மயங்கி விழுந்துவிட்டான். இப்போது தெளிவாக இருக்கிறான். விரலில் ஆக்சிஜன் கிளிப் மாட்டிப் பார்த்தால் 98 காட்டுகிறது. போதும்தானே?

போதாது. கரிப்புகையின் கார்பன் மோனாக்சைடு சிவப்பணுவில் ஒட்டிக்கொண்டாலும் அந்தக் கிளிப் ஆக்சிஜன் என்றே கணக்குப் போடும். 98ஐ நம்ப வேண்டாம். ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். சாதாரணக் காற்றில் அந்த விஷம் பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடியில் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள், 3 மடங்கு அழுத்த அறையில் சுமார் 20 நிமிடத்தில் பாதியாகும். அதனால் 108ஐக் கூப்பிட்டு முதலில் ஆக்சிஜன் முகமூடி போடச் சொல்லுங்கள். அறை தேவையா என்பதை மருத்துவமனையில் முடிவு செய்வார்கள். நினைவு தப்பியவர், கர்ப்பிணி என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். இனி மனையில் கரி மூட்டினால் காற்றோட்டம் இருக்கட்டும்.

ஓசூர்: நான் போகும் இடத்தில் போனை விடுகிறார்கள். ஒருவர் மட்டும் படுக்கும் கண்ணாடிக் குழாய் இல்லை, பெரிய அறை. உள்ளே வெறும் காற்றுதான், ஆக்சிஜன் முகமூடியில் வருகிறது. நீங்கள் ஏன் இப்படிப் பயமுறுத்துகிறீர்கள்?

1997 அக்டோபரில் இத்தாலியின் மிலான் நகரில் எரிந்ததும் பலர் சேர்ந்து உட்காரும் பெரிய அறைதான். 11 பேர் இறந்தார்கள். ஒரு நோயாளி கொண்டுபோன கையைச் சூடாக்கிக்கொள்ளும் கருவியிலிருந்து தீ பிடித்ததாகச் சொன்னார்கள். முகமூடி சரியாகப் பொருந்தாவிட்டால் ஆக்சிஜன் அறையில் கசியும். அதனால் அறைக்காற்றில் ஆக்சிஜன் 23.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. அதை அளக்கும் மீட்டர் எங்கே என்று கேளுங்கள். காட்ட மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அதே ஓசூர்க்காரர்: அது பழைய கதை. இப்போது மெஷின் எல்லாம் புதுசு.

2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில் 5 வயதுப் பையன் ஒருவன் அறைக்குள் தீயில் இறந்தான். புது மெஷினிலும் அழுத்தத்தில் நெருப்பு நெருப்புதான், அதுவும் நொடியில் பரவும். உள்ளே இருப்பவர் கதவைத் திறந்து வெளியே ஓட முடியாது. முதலில் அழுத்தத்தை இறக்க வேண்டும். போன் வெளியே இருக்கட்டும் அண்ணா. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மாரண்டஹள்ளி: போன் பவர் ஆஃப் செய்தால்?

பேட்டரி உள்ளேதானே இருக்கிறது. கூடாது.

ஊத்தங்கரை: பையனுக்கு ஆட்டிசம். 40 தடவையில் பேச்சு வரும் என்கிறார்கள்.

வராது. அதற்கு ஆதாரம் இல்லை. அந்தப் பணத்தைப் பேச்சுப் பயிற்சிக்கு வையுங்கள்.

அரூர்: காது வலிக்குமா? வேறு என்ன ஆபத்து?

அழுத்தம் ஏறும்போது காது அடைக்கும். எச்சில் விழுங்குங்கள், அல்லது மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுங்கள். வலித்தால் உடனே கையைக் காட்டுங்கள், அங்கேயே நிறுத்துவார்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு வேண்டாம். சர்க்கரைக்காரர்கள் வெறும் வயிற்றில் போகக் கூடாது, உள்ளே சர்க்கரை இறங்கும். பல வாரம் போனால் தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியலாம், பெரும்பாலும் பிறகு சரியாகும். அரிதாக வலிப்பு வரும். நுரையீரலுக்கு வெளியே காற்று அடைத்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் உள்ளே போகவே கூடாது. புற்றுநோய்க்கு பிளியோமைசின் ஊசி எடுத்திருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

தேன்கனிக்கோட்டை: கொஞ்சம் எண்ணெய்...

மேலே சொல்லிவிட்டேன். துளிகூட வேண்டாம்.

கிருஷ்ணகிரி: மூன்று நாளாக இடது காது திடீரென்று கேட்கவில்லை. வலி இல்லை. இதற்கும் இந்த அறை உதவும் என்று படித்தேன்.

உதவக்கூடும், ஸ்டீராய்டு மருந்தோடு சேர்த்து, முதல் இரண்டு வாரத்துக்குள். அதற்கு முன் காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்து, கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். மெழுகு அடைப்பு என்று நினைத்துச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். இன்றைக்கே போங்கள்.